கட்டுச்சோறும் 48 மணி நேரமும்: ஒரு சிப்பி முட்டையின் வரலாறு

1/
இன்றைக்குக் கொஞ்சம் நீளமான இழை. சர்க்கரை, பிரஷர், கொலஸ்ட்ரால் எதுவும் இல்லை. கடல் சிப்பியின் முட்டையைப் பற்றி. "டாக்டருக்கு எதுக்குங்க சிப்பி முட்டை?"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்விதான். கடைசி வரை படிச்சிட்டு நீங்களே சொல்லுங்க.

2/
அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஒரிகன் மாநிலம். அங்கே நெடார்ட்ஸ் என்று ஒரு சின்ன விரிகுடா. அதன் கரையில் விஸ்கி க்ரீக் என்ற சிப்பிக் குஞ்சு பொரிப்பகம்.

நம்ம ஊரில் கோழிப்பண்ணைக்காரர்கள் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் வாங்குவது போல, அந்தக் கரையின் சிப்பி விவசாயிகள் லார்வாக்களை இங்கே வாங்குவார்கள். கைக்குள் அடங்கும் ஈரமான பொட்டலம் ஒன்றுக்குள் லட்சக்கணக்கான லார்வாக்கள் இருக்கும்.

3/
2007-ல் அந்தத் தொட்டிகளில் லார்வாக்கள் சாக ஆரம்பித்தன. ஒன்றிரண்டு இல்லை, தொட்டி தொட்டியாக. 2008-லும் அதே கதை. உற்பத்தி பெரும்பகுதி போச்சு.

அதே காலத்தில் வடக்கே வாஷிங்டன் மாநிலத்தின் வில்லாபா விரிகுடாவிலும் இயற்கையாகப் பிறக்கும் குஞ்சுகள் வருடக்கணக்கில் தங்கவில்லை. குஞ்சு இல்லையென்றால் சில வருடங்களில் சிப்பியும் இல்லை, அதை நம்பி வாழும் குடும்பங்களுக்கு வேலையும் இல்லை.

4/
முதல் சந்தேகம் யார் மேல் போகும்? கிருமி மேலேதான். டாக்டர்களும் அப்படித்தானே யோசிப்போம்.

விப்ரியோ டூபியாஷீ என்று ஒரு பாக்டீரியா. காலராக் கிருமிக்குப் பங்காளி. சிப்பி லார்வாக்களைக் கொல்லும் என்பது ஏற்கெனவே தெரிந்த விஷயம். அந்த வருடங்களில் மேற்குக் கரைப் பொரிப்பகங்களில் அது நிஜமாகவே தலைதூக்கியும் இருந்தது. பழி போட வசதியான ஆள்.

5/
பணம் செலவழித்துத் தண்ணீரைச் சுத்தம் செய்தார்கள். கிருமி குறைந்தது. லார்வாக்கள் சாவது நிற்கவில்லை.

கிருமியே அகப்படாத தண்ணீரிலும் அவை செத்தன. ஆன்டிபயாடிக் கொடுத்தும் காய்ச்சல் இறங்காத நோயாளியைப் பார்க்கும்போது நமக்கு வயிற்றைப் பிசையுமே, அந்த நிலைமைதான்.

அப்போ கொலையாளி யார்? இதற்குப் பதில் தெரியணும்னா சுமார் நூறு வருடம் பின்னாடி போகணும். வாங்க போகலாம்.

6/
முதலில் முட்டையைப் பார்ப்போம்.

பசிபிக் சிப்பியின் முட்டை சுமார் 50 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரில் 20 முட்டைகளை வரிசையாக அடுக்கலாம். ஒரு நல்ல தாய்ச்சிப்பி ஒரே முறையில் கோடிக்கணக்கில் முட்டைகளைத் தண்ணீரில் விடும். ஆண் சிப்பி விந்தணுக்களை விடும். கரு உருவாவது கடலில், தாயின் உடம்புக்கு வெளியே.

கர்ப்பப்பை கிடையாது. நஞ்சுக்கொடி கிடையாது. தொப்புள்கொடி வழியாக எதுவும் வராது.

7/
அப்படியென்றால் அந்தக் கரு எதைச் சாப்பிட்டு வளரும்?

தாய் முட்டைக்குள் என்ன வைத்து அனுப்பினாளோ அதை. கொஞ்சம் புரதம், கொஞ்சம் கொழுப்பு, மிகக் கொஞ்சம் மாவுச்சத்து. கொழுப்பில் முக்கியமானது ட்ரைகிளிசரைடு. ஆமாங்க, உங்க லிப்பிட் ரிப்போர்ட்டில் பார்த்துப் பயப்படுவீங்களே, அதே ட்ரைகிளிசரைடு. ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, புரதத்திலும் மாவுச்சத்திலும் 4. சின்னப் பையில் அதிகச் சாப்பாடு கட்டணும்னா கொழுப்புதான் சிக்கனம்.

வழிப்பயணத்துக்குக் கட்டிக் கொடுக்கும் கட்டுச்சோறு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

8/
இதிலே தாய்க்கு ஒரு கணக்கு இருக்கு. பெரிய பொட்டலமாகக் கட்டினால் பிள்ளைகள் எண்ணிக்கை குறையும். எண்ணிக்கை கூடணும்னா பொட்டலம் சின்னதாகும்.

1950-ல் டென்மார்க்கைச் சேர்ந்த கன்னர் தோர்சன் என்ற கடலியலாளர் கடல் அடித்தட்டு உயிர்களின் லார்வாக்களை இப்படித்தான் பிரித்துப் பார்த்தார். மஞ்சள் கருவை மட்டுமே நம்பி வளரும் வகை ஒன்று. சின்ன முட்டையில் பிறந்து, சீக்கிரமே கடலில் தானே மேய்ந்து பிழைக்கும் வகை இன்னொன்று.

பசிபிக் சிப்பி இரண்டாவது வகை. கட்டுச்சோறு சில நாளைக்குத்தான். அதற்குள் வாயும் வயிறும் தயாராகணும்.

9/
இனி வரலாறு.

சிப்பி சேற்றிலிருந்து தானாக உருவாகிறது என்று எழுதி வைத்தவர் அரிஸ்டாட்டில். அந்த நினைப்பு பல நூற்றாண்டுகள் ஓடியது.

19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியச் சிப்பியைப் பற்றி ஓரளவு தெரிந்துவிட்டது. அது தன் கருக்களை ஓட்டுக்குள்ளேயே வைத்துக் கொஞ்ச காலம் அடைகாக்கும். அமெரிக்கச் சிப்பியும் அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

10/
ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் வில்லியம் கீத் ப்ரூக்ஸும் முதலில் அப்படியே நினைத்தார். தாய்ச்சிப்பிகளின் செவுள்களுக்குள் கருவைத் தேடினார். கிடைக்கவில்லை.

1879-ல் செசபீக் விரிகுடாவில் முறையை மாற்றினார். முட்டையையும் விந்தணுவையும் தனித்தனியாக எடுத்துக் கடல்நீரில் கலந்தார். கண் முன்னால் கரு பிளந்து பிளந்து வளர்ந்தது. அமெரிக்கச் சிப்பியின் கரு வளர்வது தாய்க்குள் அல்ல, திறந்த கடலில் என்று தெரிந்தது. 1880-ல் அதைப் பற்றிய ஆய்வையும் வெளியிட்டார்.

11/
ஆனால் ஒரு சிக்கல். சில நாட்களுக்கு மேல் அந்த லார்வாக்களை அவரால் வளர்க்க முடியவில்லை. நீந்தும், ஓடு வரும், அப்புறம் செத்துப்போகும்.

ஒரு விஷயத்தைக் கவனிச்சீங்களா? அந்த முதல் நாட்களுக்கு ப்ரூக்ஸ் எந்த உணவும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. தாய் கட்டிக் கொடுத்தது போதுமானதாக இருந்தது. அந்தப் பொட்டலம் எவ்வளவு பெரிது, எதற்குச் செலவாகிறது என்று அளப்பதற்கான கருவி அவரிடம் இல்லை.

12/
அளக்க வந்தவர் ஒரு ஜெர்மானியர். பெயர் ஓட்டோ வார்பர்க். ஆமாம், புற்றுநோய்ப் பாடத்தில் 'வார்பர்க் விளைவு' படிச்சோமே, அவரேதான்.

1908-ல், மருத்துவம் படித்துக்கொண்டிருந்த காலத்தில், இத்தாலியின் நேப்பிள்ஸ் கடல் ஆய்வு நிலையத்தில் கடல் முள்ளெலி முட்டைகளின் மூச்சை அளந்தார். முட்டையுடன் விந்தணு சேர்ந்ததும் அது இழுக்கும் ஆக்சிஜன் சுமார் ஆறு மடங்கு கூடியது.

சும்மா கிடந்த முட்டை, கருவுற்ற நிமிடத்திலிருந்து செலவு செய்ய ஆரம்பிக்கிறது. கட்டுச்சோற்று மூட்டை அவிழ்கிறது. அதை முதன்முதலில் எண்ணாகக் காட்டிய அளவுகளில் இது ஒன்று.

13/
இங்கே ஒரு கிளைக்கதை. வேகமாக வளரும் முட்டை அதிக ஆக்சிஜன் இழுக்கிறது என்றால், வேகமாக வளரும் புற்றுக்கட்டியும் அப்படித்தானே செய்யும்? இந்த எதிர்பார்ப்போடுதான் 1920-களில் வார்பர்க் கட்டிகளை அளந்தார். கிடைத்ததோ வேறு. கட்டிகள் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்கிக்கொண்டிருந்தன. இன்றைக்கு பெட் ஸ்கேனில் கட்டி சர்க்கரையை இழுத்துப் பளிச்சென்று தெரிகிறதே, அதன் வேர் இங்கே இருக்கிறது. 1931-ல் அவருக்கு நோபல் பரிசு. அது செல்களின் சுவாச நொதியைப் பற்றிய ஆய்வுக்கு.

14/
சரி, முள்ளெலி வேறு, சிப்பி வேறு. ஓட்டு மீன்களிலும் இதே ஆறு மடங்கு துள்ளல் இருக்குமா?

1930-களில் அமெரிக்கரான டக்ளஸ் விட்டேகர், குமிஞ்சியா என்ற சின்ன மட்டியின் முட்டைகளை அளந்தார். கருவுற்றதும் ஆக்சிஜன் தேவை கூடவில்லை. குறைந்தது!

ஒரு உயிரில் பார்த்ததை எல்லா உயிர்க்கும் விதியாக்க முடியாது. எந்த முட்டை எதை, எப்போது, எவ்வளவு செலவழிக்கிறது என்பதை அந்தந்த முட்டையிடமே கேட்டாகணும்.

15/
இதற்கிடையில் வளர்ப்பு முயற்சியும் நிற்கவில்லை. ப்ரூக்ஸ் முடிக்காமல் விட்டதை முடித்தவர் நியூயார்க் மாநில மீன்வளப் பணியில் இருந்த வில்லியம் ஃபர்த் வெல்ஸ்.

பிரச்சினை எளிமையானது. லார்வா வளரணும்னா தண்ணீர் மாற்றணும். தண்ணீரைக் கொட்டினால் கண்ணுக்குத் தெரியாத லார்வாவும் சேர்ந்து போய்விடும். வெல்ஸ் என்ன செய்தார் தெரியுமா? பாலில் இருந்து வெண்ணெய் பிரிக்கும் சுழல் இயந்திரத்தை எடுத்து லார்வாவையும் தண்ணீரையும் பிரித்தார். 1920-ல் லார்வாக்களை ஒட்டிக்கொள்ளும் குஞ்சுப் பருவம் வரை கொண்டுவந்துவிட்டார்.

16/
வெல்ஸ் என்ற பெயர் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? கோவிட் காலத்தில் 'ஏரோசோல்', 'காற்றில் மிதக்கும் நுண்துளிகள்' என்று சண்டை போட்டோமே, அந்த நுண்துளிக் கருத்தை 1934-ல் முன்வைத்தவர் இதே வெல்ஸ்தான். காசநோய் காற்றில் பரவுவதை நிரூபித்த பரிசோதனைகளுக்கு அடித்தளம் போட்டவர். சிப்பித் தொட்டியில் இருந்து காசநோய் வார்டுக்கு வந்த மனிதர்.

17/
அடுத்த கட்டம் கனெக்டிகட் மாநிலத்தின் மில்ஃபோர்ட் ஆய்வகம். விக்டர் லூசனாஃப், ஹாரி டேவிஸ் இருவரும் 1940-களிலும் 50-களிலும் இரண்டு கதவுகளைத் திறந்தார்கள்.

ஒன்று, குளிர்காலத்திலும் பெரிய சிப்பிகளையும் மட்டிகளையும் படிப்படியாக வெதுவெதுப்பான நீருக்குக் கொண்டுவந்து முட்டையிட வைத்தார்கள். இரண்டு, எந்த நுண்பாசி லார்வாவுக்கு ஒத்துவரும் என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். இன்றைய சிப்பிப் பொரிப்பகம் என்ற தொழிலே இந்த வேலையின் மேல் நிற்கிறது. 1963-ல் இருவரும் சேர்ந்து எழுதிய நீண்ட கட்டுரை பல காலம் அந்தத் துறையின் பாடப்புத்தகம்.

18/
இதுவரை கேட்கப்பட்ட கேள்விகளைப் பாருங்க. லார்வாவுக்கு என்ன உணவு கொடுப்பது? தண்ணீரை எப்படி மாற்றுவது? கிருமியை எப்படித் தடுப்பது?

எல்லாமே வெளியிலிருந்து லார்வாவுக்கு வருபவை. லார்வா தன்னோடு கொண்டுவந்தது என்ன என்ற கேள்வி பின்வரிசையில் உட்கார்ந்திருந்தது.

19/
அதை முன்வரிசைக்கு இழுத்த வேலைகளில் ஒன்று வேல்ஸ் நாட்டில் நடந்தது. ஹெல்ம், ஹாலண்ட், ஸ்டீஃபன்சன் மூவரும் 1973-ல் வெளியிட்ட ஆய்வு.

இனப்பெருக்கத்துக்கு வைத்திருந்த ஐரோப்பியச் சிப்பிகளுக்குக் கூடுதலாக நுண்பாசி ஊட்டினார்கள். அந்தத் தாய்கள் வெளியிட்ட லார்வாக்களில் கொழுப்புச் சேமிப்பு கூடுதலாக இருந்தது. கொழுப்பு கூடிய லார்வாக்கள் தெம்பாக வளர்ந்தன.

கர்ப்பிணிக்கு நல்ல சாப்பாடு கொடுத்தால் பிள்ளை நல்லா இருக்கும் என்று நம்ம பாட்டிகள் சொன்னதுதான். சிப்பிக்கும் அது பொருந்தியது, அளவோடு, எண்ணோடு.

20/
1980-களில் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோலில் ஸ்காட் கலேகர், ரோஜர் மான் இருவரும் மட்டி, சிப்பி முட்டைகளின் கொழுப்பையும் லார்வாக்கள் பிழைப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். கொழுப்பை மட்டும் நிறமேற்றும் சாயத்தால் லார்வாவைப் பார்த்தே அதன் நிலையைச் சொல்லும் முறையையும் கொண்டுவந்தார்கள். கொழுப்புக் கல்லீரலை நுண்ணோக்கியில் பார்க்கப் பேத்தாலஜிஸ்ட்கள் சாயம் போடுவது போலத்தான்.

நாம் கொழுப்புத் துளிகளைப் பார்த்தால் கவலைப்படுவோம். அங்கே துளி இல்லையென்றால்தான் கவலை.

21/
ஆக 2007-க்குள் விஞ்ஞானத்துக்கு இவ்வளவும் தெரியும். முட்டைக்குள் ஒரு கட்டுச்சோறு இருக்கிறது. அது சின்னது. தாயின் ஊட்டத்தைப் பொறுத்தது. முதல் நாட்களின் எல்லா வேலையும் அதிலிருந்துதான் நடக்கிறது.

தெரியாமல் இருந்தது ஒன்றே ஒன்று. அந்தச் செலவுப் பட்டியலில் மிகப் பெரிய செலவை, வெளியே இருக்கும் தண்ணீர் எவ்வளவு ஏற்றிவிட முடியும்?

இப்போ நெடார்ட்ஸுக்குத் திரும்புவோம்.

22/
2007-ல் ரிச்சர்ட் ஃபீலி என்ற கடல் வேதியியலாளரும் குழுவும் கப்பலில் கனடாவிலிருந்து மெக்சிகோ வரை மேற்குக் கரையோரம் தண்ணீரை அளந்துகொண்டு போனார்கள். 2008-ல் 'சயின்ஸ்' இதழில் முடிவு வந்தது.

கோடையில் வடக்கிலிருந்து வீசும் காற்று மேல்நீரைக் கரையிலிருந்து தள்ளிவிடும். அந்த இடத்துக்கு ஆழத்து நீர் மேலேறி வரும். அது காற்றைக் கடைசியாகத் தொட்டுப் பல பத்தாண்டுகள் ஆகியிருக்கும். ஆழத்தில் மட்கியவற்றின் கார்பன் டை ஆக்சைடு முழுக்க அதில் கரைந்திருக்கும்.

23/
இந்த மேலேற்றம் இயற்கையானது, எப்போதும் நடப்பது. ஆனால் அந்த நீர் பல பத்தாண்டுகளுக்கு முன் மேற்பரப்பில் இருந்தபோதே, நாம் எரித்த நிலக்கரி, பெட்ரோலின் கார்பனையும் கொஞ்சம் வாங்கிக்கொண்டு கீழே போனது. ஏற்கெனவே விளிம்பில் இருந்த நீரை அந்தக் கூடுதல் சுமை விளிம்புக்கு அப்பால் தள்ளியது.

ஓட்டைக் கரைக்கக்கூடிய நீர், கரைக்கு அருகிலேயே வந்து நிற்கிறது. இதுதான் ஃபீலி குழு கண்டது.

24/
இங்கே கொஞ்சம் கெமிஸ்ட்ரி. பயப்படாதீங்க, ஏ.பி.ஜி. ரிப்போர்ட் படிக்கிற அளவுதான்.

கார்பன் டை ஆக்சைடு கடல்நீரில் கரைந்தால் அங்கிருக்கும் கார்பனேட்டைப் பிடித்து பைகார்பனேட்டாக மாற்றிவிடும். சிப்பிக்கு ஓடு கட்டத் தேவை கால்சியமும் கார்பனேட்டும். செங்கல் இருக்கிறது, சிமென்டைக் காணோம் என்ற கதை.

கார்பனேட் எவ்வளவு தாராளமாக இருக்கிறது என்பதற்கு ஒரு எண் உண்டு. செறிவு நிலை என்பார்கள். அது 1-க்குக் கீழே போனால் அரகோனைட் என்ற ஓட்டுப்பொருள் கரையத் தொடங்கும். சிப்பி லார்வாவின் முதல் ஓடு இந்த அரகோனைட்தான்.

25/
விஸ்கி க்ரீக்கின் ஆலன் பார்ட்டனும் ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பர்க் ஹேல்ஸும் சேர்ந்து, பொரிப்பகத்துக்குள் வரும் நீரின் வேதியியலைத் தொடர்ந்து கண்காணித்தார்கள். 2012-ல் ஃபீலி உள்ளிட்டவர்களோடு சேர்ந்து வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்த ஒன்று.

லார்வா வளர்கிறதா இல்லையா என்பது, அது முட்டையாக விடப்பட்டு முதல் 48 மணி நேரம் இருந்த நீரின் செறிவு நிலையோடு ஒத்துப்போனது.

26/
இதிலே விசேஷம் என்ன தெரியுமா? மோசமான நீரில் பிறந்த லார்வாக்கள் உடனே சரிந்துவிடவில்லை. ஆரம்ப வளர்ச்சியில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பிறகு, நடுத்தர அளவுக்கு வந்தபோதுதான் வளர்ச்சி நின்றது, எண்ணிக்கை சரிந்தது.

செத்த அன்றைக்குத் தண்ணீரைச் சோதித்தால் அது நன்றாகவே இருந்திருக்கும்! குற்றம் நடந்தது பல நாட்களுக்கு முன். அதனால்தான் பிடிபடவில்லை.

27/
ஏன் அந்த 48 மணி நேரம்? பதில் 2013-ல் வந்தது. ஜார்ஜ் வால்ட்புஸ்ஸர் குழு, லார்வாவின் ஓடு, சதை, பாசி உணவு, கடல்நீர் எல்லாவற்றிலும் கார்பன் ஐசோடோப்புகளை அளந்து பின்தொடர்ந்தது.

ஓடே இல்லாத சிப்பிக் கரு, கருவுற்ற 48 மணி நேரத்துக்குள் தன் உடல் எடையில் ஏறத்தாழ 90 சதவீதம் அளவுக்குக் கால்சியம் கார்பனேட்டைக் கட்டிவிடுகிறது. இரண்டே நாளில் வீடு கட்டி முடிக்கணும்.

28/
அந்த இரண்டு நாளில் லார்வாவால் சரியாகச் சாப்பிட முடியாது. உணவு பிடிக்கும் உறுப்பு முழுதாகத் தயாராகவில்லை. ஆக கட்டுமானக் கூலி முழுக்கத் தாயின் கட்டுச்சோற்றிலிருந்துதான்.

பின்னாளில் ஓடு கட்டும் இடத்தைக் கடல்நீரிலிருந்து ஓரளவு பிரித்து வைத்துக்கொள்ள முடியும். முதல் ஓட்டின்போது அந்தத் தடுப்பும் சரியாக இல்லை. வெளியில் இருக்கும் நீர் எப்படியோ, கட்டுமான இடமும் அப்படியே.

வேகமாகக் கட்டியாகணும், பாதுகாப்பு இல்லை, கையில் இருப்பது குறைந்த காசு. மூன்றும் ஒரே சமயத்தில்.

29/
நீர் நன்றாக இருந்தால் ஓடு கட்டியது போகக் கையில் கொஞ்சம் மிஞ்சும். அந்த மிச்சத்தில் உணவுறுப்பு தயாராகும், நீந்தும், பாசி பிடிக்கும், சேமிக்கும்.

நீர் மோசமாக இருந்தால் அதே ஓட்டுக்கு இரட்டிப்பு உழைப்பு. ஓடு ஒருவழியாக வந்துவிடும். மேலே இருந்து பார்த்தால் 'டி' வடிவத்தில் லட்சணமாகவும் இருக்கலாம். ஆனால் உள்ளே மடிசீலை காலி.

பிறகு இன்னொரு விரதமும் காத்திருக்கிறது. இரண்டு மூன்று வாரத்தில் ஏதோ ஒன்றில் ஒட்டிக்கொண்டு உருமாறும்போது பழைய உணவுறுப்பை இழக்கும், புதியது வேலை செய்யும் வரை மறுபடியும் சேமிப்பில்தான் காலம் தள்ளணும்.

30/
'வெளியே நன்றாக இருக்கிறது, உள்ளே காலி' என்பதற்கு இன்னொரு சான்று முள்ளெலியிடமிருந்தே வந்தது. 2015-ல் பான், ஆப்பிள்பாம், மனஹான் குழு அமிலமாக்கிய நீரில் கடல் முள்ளெலி லார்வாக்களை வளர்த்தது. உடல் அளவிலும் மொத்த ஆற்றல் செலவிலும் பெரிய மாற்றம் இல்லை.

செலவு எங்கே போனது என்று பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. கிடைத்த ஏ.டி.பி.யில் 84 சதவீதம் வரை புரதம் தயாரிக்கவும் அயனிகளைப் பம்ப் செய்யவுமே போய்விட்டது. வாடகையும் கரண்ட் பில்லும் கட்டியபின் கையில் எதுவும் மிஞ்சாத மாதச் சம்பளக்காரரின் நிலைமை.

31/
வைத்தியம் என்ன? லார்வாவுக்கு மருந்தா? அதிக உணவா? வாய் இன்னும் தயாராகாத பிள்ளைக்கு எதைக் கொடுத்து என்ன பயன்.

தண்ணீரைச் சரிசெய்தார்கள். சோடியம் கார்பனேட் கலந்தார்கள். சலவைச் சோடாதாங்க! குறைந்திருந்த கார்பனேட்டை நேரடியாகத் தண்ணீரில் போட்டார்கள். இன்னொன்று, தண்ணீர் எடுக்கும் நேரத்தை மாற்றினார்கள். பகலில் விரிகுடாவின் கடற்புல்லும் பாசியும் ஒளிச்சேர்க்கைக்காகக் கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொள்ளும். அதனால் பிற்பகல் நீர் காலை நீரை விட நல்லது.

தொட்டிகள் மறுபடியும் உயிர் பிடித்தன. பொரிப்பகம் தப்பித்தது.

32/
இப்போ ஏன் டாக்டர் இதை எழுதினேன்னு சொல்றேன்.

குறைமாதக் குழந்தை ஒன்றை நினைச்சுக்கோங்க. கடைசி மூன்று மாதத்தில்தான் தாய் கொழுப்பையும் கிளைகோஜனையும் பிள்ளைக்குக் கட்டிக் கொடுப்பாள். முன்கூட்டியே பிறந்தால் பொட்டலம் பாதிதான். அந்தக் குழந்தையைக் குளிர்ந்த அறையில் வைத்தால் இருக்கிற கொஞ்சத்தையும் சூடாக இருப்பதற்கே எரித்துவிடும். பால் கொடுத்தும் எடை ஏறாது, சர்க்கரை இறங்கும்.

33/
1958-ல் வில்லியம் சில்வர்மனும் குழுவும் ஒரு எளிய சோதனையை வெளியிட்டார்கள். குறைமாதக் குழந்தைகளின் இன்குபேட்டர்களில் சுமார் 3 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் வைத்தார்கள். கூடுதல் சூட்டில் இருந்த குழந்தைகள் அதிகம் பிழைத்தன. புது மருந்து இல்லை, ஊசி இல்லை.

குழந்தையைத் தாயின் நெஞ்சோடு தோலோடு தோலாக அணைத்து வைக்கச் சொல்கிறோமே, 'கங்காரு முறை', அதன் பலன்களில் ஒன்றும் இதுதான். பிள்ளையின் சேமிப்பு வீணாகாமல் சுற்றுப்புறத்தைச் சரிசெய்கிறோம். நெடார்ட்ஸில் சலவைச் சோடா செய்த வேலையும் அதேதான்.

34/
சிப்பி வேறு, மனிதக் குழந்தை வேறு. ஒன்றில் கண்டதை மற்றதில் அப்படியே ஒட்டக்கூடாது. குமிஞ்சியா முட்டை வார்பர்க்குக்குக் கற்றுக் கொடுத்திருக்க வேண்டிய பாடம் அது.

ஆனால் கேட்க வேண்டிய கேள்வி இரண்டுக்கும் ஒன்றே. இந்த உயிர் கையில் எவ்வளவோடு வந்தது? சுற்றுப்புறம் அதை எதில் செலவழிக்க வைக்கிறது? இன்றைக்குத் தெரியும் நோய் இன்றைக்குத்தான் ஆரம்பித்ததா?

நோயாளி முன்னால் உட்கார்ந்து கிருமியை மட்டும் தேடும் நாட்களில் இந்தக் கேள்விகளை நானும் மறந்திருக்கிறேன்.

35/
கடைசியாக ஒன்று. பொரிப்பகத் தொட்டிக்குச் சோடா போடலாம். கடலுக்குப் போட முடியாது.

நாம் காற்றில் விடும் கார்பன் டை ஆக்சைடில் ஏறத்தாழ கால்வாசியைக் கடல் வாங்கிக்கொள்கிறது. தொழிற்புரட்சிக்குப் பின் கடல் மேற்பரப்பின் பி.ஹெச். சுமார் 0.1 இறங்கியிருக்கிறது. '0.1 தானே'ன்னு நினைக்காதீங்க. நம்ம ரத்தத்தின் இயல்பான பி.ஹெச். 7.35-லிருந்து 7.45 வரை. மொத்த இடைவெளியே 0.1தான். கடலுக்கும் ரத்தத்துக்கும் அளவுகோல் ஒன்றில்லை, ஆனாலும் அந்த 0.1 எவ்வளவு பெரியது என்று மருத்துவமனையில் வேலை பார்த்த எவருக்கும் தெரியும்.

36/
இன்று மேற்பரப்பில் நாம் விடுவதை வாங்கிக்கொண்டு கீழே போகும் நீர், பல பத்தாண்டுகள் கழித்து ஒரிகன் கரையில் மேலேறும். அப்போதும் அங்கே ஒரு தாய்ச்சிப்பி, கோடி முட்டைகளில் கோடிப் பொட்டலம் கட்டி அனுப்பிக்கொண்டிருக்கும். இரண்டு நாளைக்கான சோறு. அதற்கு மேல் கட்டித் தர அதனால் முடியாது.

பிடித்திருந்தால் பகிருங்கள். சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்க, ஓ.பி. முடிந்ததும் பதில் போடுகிறேன்.